‘உனக்கு எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்?’ – பள்ளி ஆலோசனை அறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு பள்ளி ஆலோசகர்களின் பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. இதில் வரும் மாணவியும் ஆலோசகரும் தனி ஒருவரைக் குறிப்பவர்கள் அல்லர். ஆனால் இங்கே வரும் பேச்சு எதுவும் அபூர்வமானதல்ல. பள்ளிகளில் வேலை செய்பவர்கள் இதில் இரண்டு மூன்று வாக்கியங்களையாவது எங்கோ கேட்டிருப்பார்கள். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர்கூட இந்த நிகழ்வில் இல்லை. இருந்தும் ஒரு மாணவியின் படிப்பு திசை மாறப் பார்த்தது. ஒருவரின் பின்னணியை வைத்து அவரை அறியாமலே எடைபோடும் சார்பு அதை எப்படிச் செய்தது என்பதை அடிக்கு அடி பார்ப்பதுதான் என் நோக்கம்.

ஆலோசனைக்கு வந்த வழி

மாணவிக்கு வயது 15. பத்தாம் வகுப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பம் வேறொரு வட்டாரத்திலிருந்து பிழைப்புக்காக இடம்பெயர்ந்தது. அவள் பேச்சில் அந்த வட்டாரத்தின் சாயல் இன்னும் உண்டு. அம்மா அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்கிறார், பெரும்பாலும் மாலையிலும் இரவிலும். அப்பா உடன் இல்லை. ஆரம்பப் பள்ளியில் படிக்கும் தம்பியை அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கணிதத்தில் கடைசி நான்கு தேர்வுகளிலும் 90க்கு மேல். மொழிப் பாடங்களில் 65 முதல் 70 வரை.

வகுப்பாசிரியர் எழுதியனுப்பிய சீட்டு இது: “வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை, வற்புறுத்தினால் எடுத்தெறிந்து பேசுகிறாள். குடும்பச் சூழல் காரணமாக இருக்கலாம். ஆலோசனை தேவை.”

இந்தச் சீட்டில் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒட்டுவதில்லை, பதில் சொல்வதில்லை என்பவை கண்ணால் பார்த்தவை. ‘எடுத்தெறிந்து பேசுகிறாள்’ என்பது பார்த்ததற்கு ஆசிரியர் கொடுத்த பெயர். குடும்பச் சூழல் என்பது முழுக்க ஊகம். ஆலோசகரின் மேசைக்கு வரும்போது இந்த வேறுபாடு அழிந்துபோய், எல்லாமே தகவலாகிவிட்டன. அவள் என்ன சொன்னாள், யாரிடம், எதற்குப் பிறகு என்று ஆசிரியரிடம் யாரும் கேட்கவில்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேசன் ஒகோனோஃபுவாவும் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு மாணவனின் இரண்டு சிறு ஒழுங்கீனங்களை ஆசிரியர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கறுப்பினத்தவர் பெயரோடு, சிலருக்கு வெள்ளையர் பெயரோடு. முதல் ஒழுங்கீனத்துக்கு இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிர்வினை காட்டினார்கள். இரண்டாவதில்தான் பிரிந்தார்கள். கறுப்பின மாணவன் என்று நினைத்தவர்கள் கூடுதலாகக் கலங்கினார்கள், கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள். ஒருவனுக்கு ‘நடந்துவிட்டது’ என்று விடப்படுவது இன்னொருவனுக்கு ‘இவன் இப்படித்தான்’ என்று ஆகிறது. சீட்டில் எழுதப்படும் அடைமொழிகளை ஆலோசகர் அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயமும் சேர்ந்தது. ஆண்டிறுதியில் மேம்பட்ட கணிதப் பிரிவுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இடங்கள் குறைவு. மதிப்பெண்ணோடு ஆலோசகரின் பரிந்துரையும் வேண்டும்.

மூன்று அமர்வுகள்

முதல் அமர்வு இணக்கமாகவே தொடங்கியது. ஆலோசகர் எழுந்து வந்து வரவேற்றார். மாணவியின் பெயர் அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் இல்லாதது. “உன் பேரு என் வாயில நுழைய மாட்டேங்குதேம்மா. சுருக்கிக் கூப்பிடட்டுமா?” என்றார். “சரி மிஸ்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பாராட்டும் குரலில்: “நீ ரொம்பத் தெளிவாப் பேசுறியே! உங்க பக்கத்துப் பிள்ளைங்க பேசுனா எனக்குப் பாதி புரியாது.” மாணவி சிரித்தாள். அதற்குப் பின் அவள் சொன்ன பதில்கள் எல்லாம் ஓரிரு சொற்களில் முடிந்தன. ஆலோசகர் குறிப்பேட்டில் “நல்லுறவு ஏற்பட்டது” என்று எழுதினார்.

இரண்டாவது அமர்வில் மாணவி தானாகவே வாய் திறந்தாள். “நான் எந்திரிச்சுப் பதில் சொன்னா பின்னாடியிருந்து அதே மாதிரி பேசிக் காட்டுறாங்க மிஸ். ஒரு தடவ டீச்சரும் சிரிச்சுட்டாங்க. அதுலருந்து நான் பதில் சொல்றதில்ல.”

“பசங்க வெளையாட்டுக்குப் பண்றதும்மா. டீச்சர் உன்னப் பாத்துச் சிரிச்சிருக்க மாட்டாங்க. இதெல்லாம் மனசுல வச்சுக்காத. உங்கள மாதிரிப் பிள்ளைங்க எவ்வளவோ தாங்குறீங்க, இது என்ன பெரிசு?”

வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்பதுதான் அவளை அங்கே அனுப்பிய கேள்வி. அதற்கான விடையை அவளே கையில் கொடுத்தாள். அது கீழே விழுந்தது. பேச்சு வீட்டுப்பாட நேர அட்டவணைக்குத் தாவியது.

மூன்றாவது அமர்வில் கணிதப் பிரிவில் சேர விரும்புவதாகச் சொன்னாள். ஆலோசகர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அது ரொம்ப அழுத்தம் தரும்மா. தனியா டியூஷன் இல்லாம முடியாது. வீட்டு வேலை, தம்பி, அம்மா, இதுக்கு நடுவுல உனக்கு எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? சீக்கிரம் வேலை கெடைக்கிற படிப்பா ஒண்ணு எடு. அம்மாவுக்கும் பாரம் கொறையும்.”

“சரி மிஸ்.”

நான்காவது அமர்வுக்கு அவள் வரவில்லை.

என்ன நடந்தது

ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் மைக்ரோஅக்ரெஷன் என்ற பெயரை முதலில் பயன்படுத்தினார். கறுப்பின மக்கள் அன்றாடம் சந்திக்கும் சின்னச் சின்ன இழிவுகளைப் பற்றி அவர் எழுதினார். 2007இல் டெரால்ட் விங் சூவும் அவருடைய குழுவினரும் அதை ஆலோசனைத் துறைக்குள் கொண்டுவந்து மூன்று வகையாகப் பிரித்தார்கள்: தெரிந்தே செய்யும் தாக்குதல், தெரியாமல் வந்துவிடும் அவமதிப்பு, ஒருவரின் அனுபவத்தையே இல்லையென்று ஆக்கும் மறுப்பு. தமிழில் இவற்றைப் பொதுவாக நுண் அவமதிப்பு என்கிறேன். இனத்தைப் பற்றி எழுதப்பட்டவை என்றாலும் பேச்சு வழக்கு, பெற்றோரின் தொழில், சாதி, மதம், பாலினம், உடற்குறை என எதைச் சுற்றியும் இவை நடக்கும்.

“தெளிவாப் பேசுறியே” இரண்டாம் வகை. புறத்தில் பாராட்டு. உள்ளே இருப்பது: உன் ஆட்கள் தெளிவாகப் பேசத் தெரியாதவர்கள், நீ விதிவிலக்கு. வகுப்பில் கேலிக்கு உள்ளான அதே பேச்சை ஆலோசகரும் கவனிக்கிறார் என்பதை அந்த நொடியில் மாணவி தெரிந்துகொண்டாள். பதில்கள் சுருங்கியது அதனால்தான். குறிப்பேட்டில் எழுதிய நல்லுறவு ஆலோசகரின் பக்கம் மட்டுமே ஏற்பட்டது.

“இது என்ன பெரிசு?” மூன்றாம் வகை. மூன்றில் இதுதான் ஆலோசனைக்கு அதிகக் கேடு செய்வது என்பது என் எண்ணம். அவமதிப்பை வெளியே சந்தித்தவர் அதைச் சொல்ல வரும் இடம் ஆலோசனை அறை. அங்கேயும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்குப் போக வேறு இடமில்லை. “உங்கள மாதிரிப் பிள்ளைங்க தாங்குறீங்க” என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தாங்கக்கூடியவள் என்று முடிவு கட்டிவிட்டால் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பள்ளிக்கு வர மனம் இருக்கிறதா என்ற அடிப்படைக் கேள்விகள் விடுபட்டுப்போகும். மூன்று அமர்வுகளிலும் அவை கேட்கப்படவில்லை. ஒட்டாமல் ஒதுங்கும் 15 வயதுப் பிள்ளையிடம் மனச்சோர்வுக்கான கேள்விகளைக் கேட்காமல் விடுவது, சார்பு எதுவும் இல்லாத இடத்தில்கூடப் பெரிய குறை.

மூன்றாவது அமர்வின் பேச்சு இந்த வகைகளில் எதிலும் எளிதாக அடங்குவதில்லை. அவமதிக்கும் சொல் அதில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் கரிசனம் இருக்கிறது. ஆனால் 90க்கு மேல் எடுக்கும் மாணவியிடம் கணிதம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எந்தப் பாடம் பிடிக்கும், எதில் திணறுகிறாய், என்ன படிக்க ஆசை, இவை எதுவும் இல்லை. வீடு மட்டுமே பேசப்பட்டது. தாழ்ந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது, அன்பாக. அதை எதிர்த்துப் பேசுவது ஒரு பிள்ளைக்கு வசையை எதிர்ப்பதைவிடக் கடினம்.

இரண்டு கோப்புகள்

மாணவி வராமல் போனதை ‘ஒத்துழையாமை’ என்று பதிந்துகொண்டு, அதைப் பற்றிப் பேசத்தான் ஆலோசகர் தன் மேற்பார்வையாளரிடம் போனார். மேற்பார்வையாளர் சார்பு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. அதே வாரம் அதே பிரிவுக்குப் பரிந்துரை கேட்ட இன்னொரு மாணவரின் கோப்பையும் எடுத்து வரச் சொன்னார்.

அந்த மாணவனின் கணித மதிப்பெண் 78. அப்பா பொறியாளர். கோப்பில் இருந்தது: “திறமை உண்டு. கவனம் சிதறுகிறது. தனிப்பயிற்சி கிடைத்தால் சமாளிப்பான். பரிந்துரைக்கலாம்.” மாணவியின் கோப்பில்: “அமைதியானவள். உந்துதல் குறைவு. குடும்பச் சூழல் உகந்ததாக இல்லை. வேலைவாய்ப்புப் பிரிவு பொருத்தம்.”

அவனுக்குக் குறை என்றால் அது தீர்க்கக்கூடிய குறை, அதற்கு ஏற்பாடும் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவளுக்கு மதிப்பெண் எழுதப்படவே இல்லை. அவனைப் பற்றிய குறிப்பு எதிர்காலத்தில் நிற்கிறது, அவளைப் பற்றியது வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே வாரம்.

இதைத் தனி ஒருவரின் தவறாகப் பார்த்தால் தப்பிவிடலாம். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்களிடம் டானியா ஃபிரான்சிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு அப்படித் தப்பவிடுவதில்லை. ஒரே மாதிரியான மதிப்பெண் சான்றுகளில் இனத்தையும் பாலினத்தையும் உணர்த்தும் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, யாரை மேம்பட்ட கணித வகுப்புக்குப் பரிந்துரைப்பீர்கள் என்று கேட்டார்கள். நுண்கணித வகுப்புக்குக் கறுப்பின மாணவிகளே குறைவாகப் பரிந்துரைக்கப்பட்டார்கள். தயார்நிலை குறைந்தவர்கள் என்ற கணிப்பும் அவர்களுக்கே வந்தது.

இன்னும் பழைய ஆய்வு ஒன்று, 1983இல் ஜான் டார்லியும் பேஜட் கிராஸும் செய்தது. ஒரு சிறுமி வசதியான சூழலில் வளர்பவள் என்று சிலருக்கும், ஏழைச் சூழலில் வளர்பவள் என்று சிலருக்கும் காட்டினார்கள். பின்னணியை மட்டும் பார்த்தவர்கள் அவள் திறமையைப் பற்றிப் பெரிய வேறுபாடில்லாமல்தான் சொன்னார்கள். பிறகு அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரே காட்சியை வேறு சிலருக்குப் பின்னணியோடு சேர்த்துக் காட்டினார்கள். அந்தக் காட்சியில் சரியான பதில்களும் உண்டு, தவறானவையும் உண்டு. அதைப் பார்த்த பிறகுதான் மதிப்பீடு விரிந்து பிளந்தது. வசதியான சிறுமி என்று நினைத்தவர்கள் அவளை வகுப்பின் நிலைக்கு மேலும், ஏழைச் சிறுமி என்று நினைத்தவர்கள் கீழும் வைத்தார்கள். இரு தரப்பும் தாங்கள் கண்ணால் பார்த்ததையே சான்றாகக் காட்டினார்கள்.

இந்த ஆய்வைப் பயிற்சிகளில் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ‘பிள்ளையை நன்றாகத் தெரிந்துகொண்டால் சார்பு போய்விடும்’ என்பது நம் துறையின் நம்பிக்கை. தெரிந்துகொள்வதே சார்புக்கு வேண்டிய சான்றைத் திரட்டிக் கொடுக்கவும் கூடும். மொழிப் பாடத்தில் 65 என்பது அந்த ஆலோசகருக்குக் கண்ணில் பட்டது. கணிதத்தில் 90 படவில்லை.

ஆலோசகரின் பக்கம்

கோப்புகளைப் பார்த்ததும் ஆலோசகர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னது: “மேடம், நானும் அப்படிப்பட்ட வீட்டுலருந்து வந்தவதான். எங்கம்மாவும் அந்த வேலதான் பாத்தாங்க. நான் எப்படி அந்தப் பிள்ளையக் கீழ நெனப்பேன்?”

இந்தப் பதில் பொய்யல்ல. அவர் கல்லூரியில் கடினமான பாடம் எடுத்து, துணைக்கு யாரும் இல்லாமல் முதலாண்டிலேயே தோற்று, வேறு படிப்புக்கு மாறியவர். அந்த வலி இன்னொரு பிள்ளைக்கு வரக் கூடாது என்று நினைத்தார். ஒரு குழுவைப் பற்றிய தாழ்வான எதிர்பார்ப்பை அந்தக் குழுவில் பிறந்தவரும் உள்வாங்கியிருப்பார். ‘நானும் அங்கிருந்து வந்தவள்’ என்ற உணர்வு பிள்ளையிடம் கேள்வி கேட்காமலே விடை தெரிந்ததாக எண்ணவும் வைத்துவிடுகிறது.

மேற்பார்வையாளர் அவரைக் குற்றவாளியாக்கவில்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. “நீங்க தோத்தப்ப உங்களுக்கு எது இல்லாம இருந்துச்சு?” என்று கேட்டார். “துணைக்கு ஒருத்தர்” என்றார் ஆலோசகர். “அப்ப இந்தப் பிள்ளைக்கு எதக் குடுக்கணும்?” மேற்பார்வை அங்கிருந்துதான் நகர்ந்தது. வெட்கத்தில் சிக்கிக்கொள்ளும் ஆலோசகர் ஒன்று தன்னைக் காத்துக்கொள்ளப் பார்ப்பார், அல்லது அடுத்த அமர்வில் அளவுக்கு மீறிக் குழைவார். இரண்டுமே மாணவிக்கு உதவாது.

மனத்தையா, கோப்பையா, எதைச் சோதிப்பது?

இப்படிப்பட்ட நேரத்தில் பல இடங்களில் உடனே கைக்கொள்ளும் வழி, ஆலோசகரைக் கணினிச் சோதனை ஒன்றில் உட்கார வைப்பது. ஆன்டனி கிரீன்வால்டும் மஹ்ஸரின் பனாஜியும் 1995இல் உள்மனச் சார்பு பற்றிய அடிப்படைக் கட்டுரையை எழுதினார்கள். அந்தக் கணினிச் சோதனை, உள்ளார்ந்த தொடர்புச் சோதனை என்ற பெயரில், 1998இல் வந்தது. சொற்களையும் படங்களையும் இணைக்க எடுக்கும் நேரத்தை வைத்து மனத்தில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று அது கணிக்கிறது. பெரிய கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அது பயன்படும். ஆனால் ஒரே ஆளுக்கு இருமுறை கொடுத்தால் முடிவு கணிசமாக மாறும். ஒரு தனி ஆலோசகரை அதைக் கொண்டு எடைபோடுவது சரியல்ல.

அந்த அளவை மாற்றினால் நடத்தை மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கும் சான்று வலுவாக இல்லை. பேட்ரிக் ஃபோர்ஷரும் உடன் பணியாற்றியவர்களும் 492 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். உள்மன அளவுகளைக் கொஞ்சம் நகர்த்த முடிகிறது, ஆனால் அதனால் நடத்தை மாறியதாகக் காட்ட முடியவில்லை என்பது அவர்கள் கண்டது. நுண் அவமதிப்பு என்ற கருத்துக்கும் எதிர்ப்பு உண்டு. உளவியலாளர் ஸ்காட் லிலியன்ஃபெல்ட் 2017இல் அதன் வரையறை தெளிவாக இல்லை, கேட்பவரின் புரிதலையே அதிகம் நம்பியிருக்கிறது, ஆய்வு வலுப்படும் வரை இதை வைத்துப் பயிற்சி நடத்துவதை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதினார்.

இந்த எதிர்ப்பை ஒதுக்கித் தள்ளுவது நேர்மையல்ல. என் முடிவு இது: ஆலோசகரின் மனத்தில் என்ன இருக்கிறது என்ற வழக்கை நடத்த வேண்டியதில்லை. 90க்கு மேல் எடுத்தவளுக்கு வேலைவாய்ப்புப் பிரிவும் 78க்குக் கணிதப் பிரிவும் என்று பரிந்துரைத்த தாள் கையில் இருக்கிறது. சார்பு தங்கும் இடம் மனமாக இருக்கலாம், அது பிடிபடும் இடம் கோப்பு. திருத்தமும் அங்கேதான் தொடங்க முடியும். எரிக் ஊல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005இல் காட்டியதும் இதற்கு ஒத்துவருகிறது. ஆளைப் பார்த்த பிறகு தகுதி எது என்று முடிவுசெய்பவர்கள் தங்களுக்குப் பிடித்தவரிடம் இருப்பதையே முக்கியத் தகுதி ஆக்கிவிடுகிறார்கள். தகுதியை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் அந்தப் பாகுபாடு போய்விடுகிறது.

திரும்பப் பேசியது

உறவு கெட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு ஜெஸ்ஸி ஓவனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு நல்ல வழிகாட்டி. ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் சிறுபான்மை இனங்களைச் சேர்ந்தவர்களிடம் கேட்டதில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள், 53 சதவீதம், தங்கள் ஆலோசகரிடமிருந்தே நுண் அவமதிப்பைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர், அதைப் பற்றி ஆலோசகரோடு பேச்சே நடக்கவில்லை என்றார்கள். பேசித் தீர்த்துக்கொண்டவர்களுக்கு ஆலோசகரோடு இருந்த உறவின் வலு, அவமதிப்பையே சந்திக்காதவர்களுக்கு இருந்ததற்குச் சமமாக இருந்தது.

பேசுவது என்று முடிவானதும் எப்படிப் பேசுவது என்பதில் மேற்பார்வையாளர் மிகுந்த நேரம் செலவிட்டார். ஆலோசகர் முதலில் எழுதிவந்தது: “நான் உன்னைக் காயப்படுத்தியிருந்தா மன்னிச்சுக்கோம்மா. எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல.” இதைக் கேட்டால் பிள்ளை ஆலோசகரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். ‘இருந்தா’ என்ற சொல், காயமே சந்தேகத்துக்குரியது என்கிறது. அது நீக்கப்பட்டது.

கடைசியில் சொன்னது இப்படி: “போன தடவ கணக்கப் பத்தி நீ கேட்டப்ப, நான் உன் மார்க்கப் பத்தி ஒரு வார்த்த பேசல. உன் வீட்டப் பத்தியே பேசி வேணாம்னு சொல்லிட்டேன். அது நியாயமில்ல. அதுக்கு முந்தி, வகுப்புல பேசிக் காட்டுறாங்கன்னு நீ சொன்னப்ப பெரிசில்லன்னேன். அதுவும் தப்பு. நீ இப்ப எதுவும் சொல்லணும்னு இல்ல. வேற ஆலோசகர் வேணும்னாலும் ஏற்பாடு பண்றேன்.”

மாணவி கேட்டாள்: “யாராவது சொல்லச் சொன்னாங்களா மிஸ்?”

கூர்மையான கேள்வி. இல்லை, நானாகவே உணர்ந்தேன் என்று சொல்லிவிட எவருக்கும் தோன்றும். ஆலோசகர் உண்மையைச் சொன்னார். “எங்களுக்கு மேல ஒருத்தர் இருக்காங்க, எப்பவும் எங்க வேலையப் பாக்குறவங்க. அவங்க கேள்வி கேட்டப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.” மாணவி தலையாட்டினாள். அன்று வேறெதுவும் பேசவில்லை. ஆனால் அடுத்த அமர்வுக்கு வந்தாள்.

அந்த அமர்வில் வெளிவந்தவை எதிர்பார்த்தபடி இல்லை. பெயரைச் சுருக்கியது தவறு என்று ஆலோசகரும் மேற்பார்வையாளரும் பட்டியலில் வைத்திருந்தார்கள். மாணவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. “வீட்லயும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க.” அவளை அறுத்தது வேறு. “அம்மாவுக்குப் பாரம்னு சொன்னீங்க. எங்கம்மாகிட்டக் கேட்டீங்களா மிஸ்? கணக்குல சேருன்னு சொன்னதே அவங்கதான்.”

நுண் அவமதிப்புகளின் பட்டியல்கள் கண்ணைத் திறக்க உதவும். யாருக்கு எது வலித்தது என்பதை அவர்களிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பட்டியலை மனப்பாடம் செய்து அதன்படி மன்னிப்புக் கேட்பதும் ஒருவரை அவருடைய குழுவாக மட்டுமே பார்ப்பதுதான்.

விடுபட்ட கேள்விகளும் அன்றுதான் கேட்கப்பட்டன. பல வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் வயிறு பிசைகிறது, பள்ளியை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று ஆலோசகர் நேராகக் கேட்டார். இல்லை என்றாள். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது அப்படிச் செய்வதில்லை என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

அம்மாவிடம் அவர் பணி முடியும் நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசினார்கள். “நான் படிக்கல டீச்சர், எனக்கு வெவரமாச் சொல்ல வராது. அவ கணக்குல சேரட்டும். பையனப் பாத்துக்க நான் காலை ஷிப்ட்டு கேட்டிருக்கேன்.” பரிந்துரைத் தாளில் ‘உகந்ததாக இல்லை’ என்று எழுதப்பட்ட குடும்பம், பள்ளி கேட்பதற்கு முன்பே தன் பங்கு ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தது.

மொழிப் பாடம் உண்மையிலேயே பலவீனம். குற்றவுணர்வில் அதைச் சொல்லாமல் மழுப்புவதும் தாழ்ந்த எதிர்பார்ப்பின் இன்னொரு வடிவம். டேவிட் யேகர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும்போது ‘உன்னிடம் உயர்வாக எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்’ என்ற பொருளில் ஒரு குறிப்பை ஒட்டிக் கொடுத்தார்கள். அதைப் பெற்ற கறுப்பின மாணவர்களில் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தவர்கள் பெரிதும் கூடினார்கள். ஆலோசகரும் அந்த வழியிலேயே பேசினார்: “அந்தப் பிரிவுல கேள்வியே நீளமா இருக்கும், படிச்சுப் புரிஞ்சாத்தான் கணக்கப் போட முடியும். அதனால மொழியில 80 தொடணும். உன்னால முடியும்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.” 78 எடுத்த மாணவனுக்கு எழுதப்பட்ட தனிப்பயிற்சி இவளுக்கும் பள்ளியிலேயே மதிய இடைவேளையில் ஏற்பாடானது. மாலையில் என்றால் தம்பியை அழைக்கப் போக முடியாது.

மாறியதும் மாறாததும்

மாணவி கணிதப் பிரிவில் சேர்ந்தாள். பழைய குறிப்பு கோப்பிலிருந்து கிழிக்கப்படவில்லை. அதன் கீழே தேதியிட்டு, ‘உந்துதல் குறைவு’ என்பதற்கு ஆதாரம் இல்லை, மதிப்பெண்கள் பதியப்படவில்லை என்று ஆலோசகர் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம் என்பதால் இது தேவை.

பரிந்துரைப் படிவமும் மாறியது. மதிப்பெண், ஆசிரியர் பார்த்த நடத்தை, மாணவரின் விருப்பம் ஆகிய மூன்றும் முதலில். வீட்டு நிலைமை கடைசியில், அதுவும் ‘என்ன உதவி தேவை’ என்ற தலைப்பின் கீழ் மட்டும். முடிவெடுப்பதற்கு முன் இன்னோர் ஆலோசகர் பெயரை மறைத்த படிவத்தைப் படிக்கிறார். பரிந்துரைச் சீட்டில் அடைமொழி வந்தால் ‘என்ன நடந்தது, எப்போது’ என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறது. ஆசிரியர்கள் சிலருக்கு இது தொல்லையாக இருக்கிறது. ஒரு ஆலோசகர் நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்க்கும் பள்ளிகளில் இந்த நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியில் நியாயமும் உண்டு. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவர்களுக்கு ஒருவர். அவசரத்தில் மனம் பழகிய வழியிலேயே போகும். வேலைப்பளுவைக் குறைப்பதும் சார்பைக் குறைக்கும் வேலைதான் என்று பள்ளி நிர்வாகங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வகுப்பறை அவ்வளவாக மாறவில்லை. பேசிக் காட்டிய மாணவர்களிடம் ஆலோசகர் பேசினார், கேலி குறைந்தது. சிரித்த ஆசிரியரிடம் பேசுவது கடினமாக இருந்தது. அவர் பணியில் மூத்தவர், “நான் சிரிக்கவே இல்ல” என்று முடித்துக்கொண்டார். மாணவி இப்போதும் அவர் வகுப்பில் கை தூக்குவதில்லை. கணித வகுப்பில் தூக்குகிறாள்.

மேற்பார்வையாளரின் யோசனைப்படி ஆலோசகர் முந்தைய இரண்டு ஆண்டுகளின் பரிந்துரைகளையும் எடுத்து, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இதே போன்ற வேறு கோப்புகளும் இருந்தன. அவற்றில் இருவர் இன்னும் அதே பள்ளியில், வேறு பிரிவில் படிக்கிறார்கள். பாடப்பிரிவு மாறுவதற்கான தேதி அவர்களுக்குக் கடந்துவிட்டது. மாற விருப்பமா என்று அவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டதில் ஒருவர் இருக்கும் பிரிவே போதும் என்றார், இன்னொருவர் மாற விரும்பினார். அவருக்காக விதிவிலக்குக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தோடு, அவருடைய மதிப்பெண்களும் திருத்திய கோப்பும் இணைக்கப்பட்டன. அந்தக் கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.